ஹெவிவெயிட் குத்துச்சண்டை: இரு உலக வெற்றியாளர்களை ஒரே மேடையில் ஏற்றுவது ஏன் இத்தனை கடினம்?

2024 மே 18ஆம் தேதி இரவு, சவுதி அரேபியாவின் ரியாத் நகரில் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கும் பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் மோதினர். மலேசியா, சிங்கப்பூர் ரசிகர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. சுற்றுக்கு 3 நிமிடம், மொத்தம் 12 சுற்று. அடித்துக்கொண்ட நேரம் 36 நிமிடம்தான். ஆனால் அந்த 36 நிமிடத்துக்கு நாள் குறிக்க, ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தது. ஒருமுறை பேச்சு முறிந்தது. இருமுறை தேதி தள்ளிப்போனது.

கடைசியில் உசிக் வென்றார். 1999க்குப் பிறகு ஹெவிவெயிட் பிரிவில் எல்லாப் பட்டங்களையும் ஒருவரே வைத்திருந்தது அதுவே முதல் முறை. காற்பந்தில் உலகக் கிண்ணம் 4 ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடக்கிறது. குத்துச்சண்டையில் மட்டும் ‘யார் உண்மையான வெற்றியாளர்’ என்ற கேள்விக்கு விடை காண ஏறக்குறைய 25 ஆண்டு ஆனது ஏன்?

ஒரு நாற்காலி, நான்கு சாவி

ஹெவிவெயிட் என்பது 200 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 90.7 கிலோவுக்கு மேற்பட்ட எடை கொண்டவர்களின் பிரிவு. நிபுணத்துவக் குத்துச்சண்டையை நடத்த ஃபிஃபா போல ஒரே தலைமை அமைப்பு கிடையாது. உலகப் பட்டம் வழங்கும் முக்கிய அமைப்புகள் நான்கு. டபிள்யூபிஏ 1921இல் வேறு பெயரில் தொடங்கி 1962இல் இன்றைய பெயரைப் பெற்றது. டபிள்யூபிசி 1963இல் மெக்சிகோவில் உருவானது. ஐபிஎஃப் 1983இலும் டபிள்யூபிஓ 1988இலும் வந்தன.

ஒவ்வோர் அமைப்புக்கும் தனித் தரவரிசை, தனி விதிமுறை, தனி வெற்றியாளர் உண்டு. பட்டத்துக்கான சண்டை நடந்தால் வீரர்களின் வருமானத்தில் ஒரு பங்கு அமைப்புக்குக் கட்டணமாகப் போகும். ஆகவே தன் பட்டம் தொடர்ந்து களத்தில் இருக்க வேண்டும் என்றே ஒவ்வோர் அமைப்பும் விரும்பும்.

இதில் ‘கட்டாயச் சவாலாளர்’ என்றொரு விதி இருக்கிறது. அமைப்பு குறிப்பிடும் வீரருடன் வெற்றியாளர் குறித்த காலத்துக்குள் மோதியாக வேண்டும். மறுத்தால் பட்டம் பறிபோகும். வரிசையில் காத்திருக்கும் வீரருக்கு இது நியாயமான பாதுகாப்பு. ஆனால் ஒரே கையில் நான்கு பட்டம் சேர்ந்தால் நான்கு பேர் வாசலில் நிற்பார்கள்.

மேசையில் பேசப்படுவது என்ன?

முதல் விஷயம் பணப் பங்கீடு. ஒருவர் சாதாரண போட்டியாளர், மற்றவர் வெற்றியாளர் என்றால் கணக்கு எளிது. இருவருமே வெற்றியாளர்கள் என்றால் ‘நானே பெரியவன்’ என்ற வாதம் அங்கேயே தொடங்கிவிடும். பட்டங்களின் எண்ணிக்கையை ஒருவர் காட்டுவார். நுழைவுச்சீட்டு விற்கும் தன் பெயரை மற்றவர் காட்டுவார்.

சில பழைய சண்டைகளில் இந்தச் சிக்கலைச் சமப் பங்கு தீர்த்து வைத்தது. 1971 மார்ச் 8இல் நியூயார்க்கில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியபோது ஆளுக்கு 25 லட்சம் டாலர் உறுதியளிக்கப்பட்டது. 1974இல் அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் ஸாயரில் மோதியபோது ஆளுக்கு 50 லட்சம் டாலர்.

இரண்டாவது, மறுமோதல் விதி. தோற்றவர் மீண்டும் ஒருமுறை மோதும் உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது இது. அடுத்த சண்டையின் பணப் பங்கீடு என்ன, எத்தனை மாதத்துக்குள் நடக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் சண்டைக்கு முன்பே பேசப்படும்.

மூன்றாவது, தொலைக்காட்சி உரிமை. இரு வீரர்களும் வெவ்வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்திருந்தால், முதலில் அந்த நிறுவனங்கள் கை குலுக்க வேண்டும். 2002 ஜூன் 8இல் லெனாக்ஸ் லூயிஸும் மைக் டைசனும் மெம்ஃபிஸில் மோதிய சண்டையைப் போட்டி நிறுவனங்களான எச்பிஓவும் ஷோடைமும் கூட்டாகத்தான் ஒளிபரப்பின.

இவற்றோடு தேதி, ஊர், நடுவர்கள், ஊக்கமருந்துச் சோதனை, யார் பெயர் முதலில் அச்சாவது, யார் கடைசியில் மேடைக்கு நடந்து வருவது என்பவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயங்களாகத் தெரியும். பேச்சு நீண்டுகொண்டே போகும்போது இவற்றில் எதுவும் முட்டுக்கட்டையாகலாம்.

பேசி முடியாவிட்டால் ஏலம்

கட்டாயச் சவாலாளர் சண்டைக்கு அமைப்புகள் ஒரு கெடு வைக்கும். அதற்குள் இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் சண்டையை நடத்தும் உரிமை ஏலத்துக்குப் போகும். ஏற்பாட்டாளர்கள் மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுப்பார்கள். அதிகம் எழுதியவருக்கே உரிமை.

2022 ஜனவரியில் ஃபியூரி–டில்லியன் வைட் சண்டைக்கான ஏலத்தில் ஃபிராங்க் வாரனின் குவீன்ஸ்பெரி நிறுவனம் 4 கோடியே 10 லட்சத்து 25 ஆயிரம் டாலர் எழுதி வென்றது. அதில் 10 விழுக்காடு வெற்றி பெறுபவருக்கு. மீதியில் 80 விழுக்காடு வெற்றியாளர் ஃபியூரிக்கு, 20 விழுக்காடு வைட்டுக்கு. தோற்றாலும் வைட்டின் பங்கு ஏறக்குறைய 74 லட்சம் டாலர். அந்த ஆண்டு ஏப்ரல் 23இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த சண்டையில் ஃபியூரி 6ஆவது சுற்றில் வென்றார்.

வெவ்வேறு அமைப்புகளின் வெற்றியாளர்கள் மோதுவதென்றால் இந்த வழி எளிதில் கைகொடுக்காது. இருவரையும் சேர்த்து உத்தரவு போட ஒரு பொதுத் தலைமை இல்லை. அவர்களாக இணங்கினால்தான் உண்டு.

தேதி அறிவித்தபின் கவிழ்ந்த கதை

எருமையைத் தண்ணீரில் விட்டு விலை பேசுவது என்பார்கள். 2021இல் அதுதான் நடந்தது. அப்போது ஃபியூரியிடம் டபிள்யூபிசி பட்டம், அந்தோணி ஜோஷுவாவிடம் மற்ற மூன்று. ஆகஸ்ட் 14இல் சவுதியில் மோதல் உறுதி என மே 16ஆம் தேதி ஃபியூரி காணொளியில் அறிவித்தார்.

மறுநாளே அமெரிக்காவில் ஒரு நடுவர் தீர்ப்பு வெளியானது. முந்தைய ஒப்பந்தத்தின் மறுமோதல் விதிப்படி ஃபியூரி மூன்றாம் முறையாக டியோன்டே வைல்டருடன் மோத வேண்டும் என்றது தீர்ப்பு. சண்டை அங்கேயே கவிழ்ந்தது. ஜோஷுவா தம் கட்டாயச் சவாலாளரான உசிக்குடன் மோத வேண்டியதாயிற்று. செப்டம்பர் 25இல் உசிக் அவரை வீழ்த்தி மூன்று பட்டங்களையும் கொண்டுபோனார். நான்கு பட்டங்களுக்கான ஃபியூரி–ஜோஷுவா மோதல் அத்தோடு கைநழுவியது.

70க்கு 30

அடுத்து ஃபியூரி–உசிக் பேச்சு. 2023 ஏப்ரல் 29இல் வெம்ப்ளியில் நடத்துவதாகத் திட்டம். மார்ச் 10ஆம் தேதி ஃபியூரி தமக்கு 70 விழுக்காடு, உசிக்குக்கு 30 என்றார். இழுத்தடித்தால் நாளுக்கு 1 விழுக்காடு குறையும் என்றும் சொன்னார். மூன்று பட்டம் வைத்திருந்த வீரருக்கு 30 விழுக்காடு என்பது அவமதிப்பு என்றே பலரும் நினைத்தனர்.

உசிக் அதை ஏற்றுக்கொண்டார். ஒரே நிபந்தனைதான் வைத்தார்: சண்டை முடிந்ததும் ஃபியூரி உக்ரைன் மக்களுக்கு 10 லட்சம் பவுண்டு நன்கொடை தர வேண்டும். போர் தொடங்கிய 2022இல் உசிக்கும் ஊர் திரும்பிப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தவர். அவருக்கு அந்தச் சண்டை பணக்கணக்கு மட்டும் அல்ல.

இவ்வளவு இறங்கி வந்தும் பேச்சு நிலைக்கவில்லை. மறுமோதல் விதி உள்ளிட்ட விஷயங்களில் இரு தரப்பும் ஒத்துப்போகாமல் அதே மாதத்திலேயே முறிந்தது.

பிறகு பேச்சை முடித்து வைத்தது சவுதியின் பணம். இரு தரப்பும் கேட்டதைக் கொடுக்க மூன்றாவது ஒருவர் வந்தபின், விழுக்காட்டுச் சண்டை ஓய்ந்தது. 2023 செப்டம்பரில் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் நடப்பதாக இருந்தது 2024 பிப்ரவரி 17க்குத் தள்ளிப்போனது. பிப்ரவரி தொடக்கத்தில் பயிற்சியில் ஃபியூரியின் கண்ணருகே வெட்டுக்காயம். மீண்டும் தள்ளிவைத்து மே 18 என்றார்கள். இனி விலகுபவர் 1 கோடி டாலர் அபராதம் கட்ட வேண்டும் என்று சவுதி தரப்பின் துர்கி அல்அல்ஷிக் அறிவித்தார். 50 ஆண்டுக்கு முன், 1974இல், ஃபோர்மனுக்கும் பயிற்சியில் இப்படியே கண்ணருகே வெட்டுப்பட்டு, செப்டம்பர் 25 சண்டை அக்டோபர் 30க்குப் போனது.

சேர்ந்ததும் சிதறும்

உசிக்கின் முழு ஆதிக்கம் அதிக நாள் நீடிக்கவில்லை. ஒப்பந்தப்படி ஃபியூரிக்கு மறுமோதல் தர வேண்டும். ஐபிஎஃப் அமைப்போ தன் கட்டாயச் சவாலாளர் பக்கம் நின்றது. அடுத்த மாதமே அந்தப் பட்டத்தை உசிக் விட்டுக்கொடுத்தார். டிசம்பர் 21 மறுமோதலிலும் அவரே வென்றார். ஐபிஎஃப் பட்டத்தை டேனியல் டுபுவாவிடமிருந்து மீட்க 2025 ஜூலை 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது புதிதல்ல. 1999 நவம்பரில் இவாண்டர் ஹோலிஃபீல்டை வென்று பட்டங்களை இணைத்த லூயிஸும், கட்டாயச் சவாலாளரை விட்டு வேறொருவருடன் மோதியதால் 2000இல் டபிள்யூபிஏ பட்டத்தை இழந்தார்.

இணையாமலே போனவையும் உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் லூயிஸ் ரிடிக் போவை வீழ்த்தினார். 1992இல் போவ் உலக வெற்றியாளரானார். லூயிஸ் கட்டாயச் சவாலாளர். பேச்சு முறிந்தது. போவ் லண்டனில் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். இருவரும் ஓய்வு பெறும்வரை நிபுணத்துவ மேடையில் சந்திக்கவே இல்லை. வீரரின் உடல் உச்சத்தில் இருப்பது சில ஆண்டுகள்தான். பேச்சு மேசையில் கரைந்த காலம் திரும்பி வராது.

நம் ஊரும் பார்த்தது

1975 ஜூலை 1இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அலி, ஜோ பக்னரை 15 சுற்றுகளில் புள்ளி அடிப்படையில் வென்றார். அந்த வயதுக்காரர்கள் வீடுகளில் இன்றும் அது பேசப்படுகிறது. அன்று முக்கியப் பட்டங்கள் இரண்டுதான். இரண்டும் அலியிடமே இருந்தன. ‘உண்மையான வெற்றியாளர் யார்’ என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

இனி ‘மாபெரும் மோதல் உறுதி’ என்ற செய்தி வந்தால், நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இரு வீரர்களும் கையெழுத்திட்டார்களா, அல்லது ஒருவர் மட்டும் பேசுகிறாரா? பழைய ஒப்பந்தத்தின் மறுமோதல் விதி யாரையாவது கட்டிப்போட்டிருக்கிறதா? கட்டாயச் சவாலாளர் யாரேனும் வரிசையில் நிற்கிறாரா? தேதியோடு அரங்கமும் ஒளிபரப்பு நிறுவனமும் அறிவிக்கப்பட்டனவா? நான்குக்கும் தெளிவான பதில் இருந்தால் நம்பலாம். அப்போதும் பயிற்சியில் ஒரு வெட்டுக்காயம் எல்லாவற்றையும் தள்ளிப்போடக்கூடும் என்பதை 1974உம் 2024உம் காட்டியிருக்கின்றன.