1918-ஆம் ஆண்டின் விஷ ஜுரம்

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த போலீஸ் சிப்பாய்கள் சிலர் ஜுரத்தில் வீழ்ந்தனர். தணிந்ததுபோல் தோன்றிய அந்த இன்புளூயன்ஸா, செப்டம்பரில் கொடுமை மிகுந்து திரும்பியது. ரயில் வழியே நாடெங்கும் பரவி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர் என்பதை நாம் கருத வேண்டும். போதிய உணவின்மை ஒரு காரணம். நோயாளியின் அருகிருந்து கஞ்சி புகட்டியவரும் துணி துவைத்தவரும் அவர்களே என்பது மற்றொன்று என ஆய்ந்தோர் கருதுவர்.

இன்று தடுப்பூசி உண்டு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். ஆயினும், உற்றார் தொலைவிலிருக்க அயல் மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம் வீடுகளில், பணிவிடை இன்றும் பெரும்பாலும் ஒருத்தியின் தலையிலேயே விழுகிறது. அவள் முகக்கவசம் அணியட்டும். ஊசி போடும் நாளில் ‘எனக்கெதற்கு?’ என்று அவள் ஒதுங்க நாம் விடலாகாது.