கொடுமுடி கோகிலம் – பாட்டுக்காரி நடிகையான கதை

பண்டிகை நாளில் டிவியில் திருவிளையாடல் ஓடினால் சாரத்திலும் சரி, காரைக்காலிலும் சரி, அந்தக் காட்சிக்காகச் சேனல் மாற்றாமல் காத்திருப்பவர்கள் உண்டு. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவையார் பாடியே சமாதானம் செய்யும் காட்சி அது. அந்த ஔவையார்தான் கே. பி. சுந்தராம்பாள். படம் வந்தது 1965. அப்போது அவருக்கு வயது 56!

சுந்தராம்பாள் 1908ல் கொடுமுடியில் பிறந்தார். கே என்றால் கொடுமுடி, பி என்றால் தாயார் பாலாம்பாள். வறுமையான குடும்பம். சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகச் சொல்வார்கள். பிறகு வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசைக்குக் குரல் எட்டினால்தான் நடிகர். எனவே, அன்று பாட்டு வந்த பிறகுதான் நடிப்பு வந்தது.

1920களில் இலங்கைக்கு நாடகம் போடப் போனவர் அங்கே செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். கிட்டப்பாவும் பெரிய பாடகர். இருவரும் ஜோடியாக நடித்த வள்ளி திருமணத்துக்குக் கூட்டம் அலைமோதியது. இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்ததால் அந்த வாழ்க்கை சுலபமாக இல்லை, பிரிவும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

அதன் பிறகு வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். ஒரு நடிகைக்கு இது தொழிலையே மூடிவிடும் முடிவு. ஆனால் நடந்தது வேறு.

பக்த நந்தனார் படத்துக்காகத் தயாரிப்பாளர் அசன்தாஸ் அவரைத் தேடி வந்தார். தட்டிக்கழிக்க நினைத்து ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவரோ கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்! 1935ல் படம் வந்தது. நந்தனார் ஆண் வேடம், ஆகவே ஜோடி என்ற பிரச்சினையே இல்லை. சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். கல்கி இந்தப் படத்தை ஆனந்த விகடனில் நன்றாகவே கிண்டல் செய்தார். இருந்தாலும் சுந்தராம்பாளின் பாட்டுக்கு மவுசு குறையவில்லை.

சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளிலும் பாடினார். 1950களில் சென்னை சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். இந்தியாவில் சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன ஆரம்பகாலப் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

1940ல் மணிமேகலை, 1953ல் ஜெமினியின் ஔவையார், 1964ல் பூம்புகாரில் சமணத் துறவி கவுந்தியடிகள், 1973ல் காரைக்கால் அம்மையார் என்று படங்கள் வந்தன. காங்கிரஸ்காரரான அவர், தி.மு.க.வின் மு. கருணாநிதி வசனம் எழுதிய பூம்புகாரில் நடித்ததும் கவனிக்க வேண்டியது. துணைவன் (1969) படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970ல் பத்மஸ்ரீ பெற்றார். 1980ல் காலமானார்.

இந்த வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாமே அடியார்கள், துறவிகள், கிழவிகள். பக்தி வேடம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இதற்குள் 25 வயதுப் பெண் ஒருத்தியின் முடிவு இருக்கிறது. கணவனை இழந்த பெண் மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர் சொன்ன காலத்தில், அதே வெள்ளைச் சேலையோடு மேடைக்கும், சினிமாவுக்கும், மேலவைக்கும் போனார். காதல் காட்சி இல்லாமலே, இளமையைக் காட்டாமலே கதாநாயகியாக நிற்க முடிந்தது என்றால் அதற்குக் காரணம் அந்தக் குரல்.

ஆனால் அதற்காக அவர் கொடுத்த விலையும் சின்னதல்ல. 44 வயதிலேயே திரையில் பாட்டியாகிவிட்டார். அடுத்த முறை டிவியில் அந்த ஔவையார் வரும்போது இதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.