நாளுக்கு ஐந்து டாலர்

அந்நிய தேசங்களைச் சுற்றிப் பார்ப்பது செல்வர்களுக்கே உரிய பாக்கியம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆசிரியரையும் பணியாளரையும் உடனழைத்துக்கொண்டு இத்தாலி வரையில் சென்று, மாதக்கணக்காகத் தங்கி, கல்வியும் கலையும் பயின்று திரும்பிய அந்த நீண்ட யாத்திரைகளில், செலவைத் தீர்ப்பதற்கு வங்கியின் கடிதம் ஒன்று கையிலிருந்தால் போதும். மற்றதெல்லாம் தந்தையார் பொறுப்பு. உழைத்துச் சம்பாதிக்கும் சாமானியன் ஒருவன், தன் சேமிப்பை விடுமுறை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவே என்று வரையறை செய்துகொண்டு, அஞ்சாமல் கடல் கடந்து போய்வரத் துணிந்தது பிற்காலத்தில்தான். அந்தத் துணிவு பிறந்த கதை, ரயிலின் சரித்திரத்துக்கும் விமானத்தின் சரித்திரத்துக்கும் சற்றும் தாழ்ந்ததன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

மதுவிலக்குப் பிரசாரகரான தாமஸ் குக், 1841 ஜூலை 5 அன்று, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், சுமார் ஐந்நூறு பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். 1855-இல் அவருடைய கோஷ்டிகள் ஐரோப்பியக் கண்டத்திலும் அடிவைத்தன. ரயில் கட்டணம் முன்கூட்டித் தெரிந்த தொகை. ஆனால் பாஷை தெரியாத ஊரில் விடுதிக்காரர் நீட்டும் பில் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. எளியவர்களை வீட்டிலேயே நிறுத்தி வைத்தது தூரத்தைக் காட்டிலும் இந்த நிச்சயமின்மையே. இதை நன்கு உணர்ந்திருந்த குக், 1868-இல் ஹோட்டல் கூப்பன்களை வெளியிட்டார். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் உரிய பணத்தை ஊரிலேயே செலுத்திச் சீட்டுகளைப் பெற்றுக்கொண்டவர், ஒப்பந்தம் செய்துகொண்ட விடுதிகளில் அவற்றைக் கொடுத்தாலே போதும். நாட்செலவு என்பது புறப்படுவதற்கு முன்பே கையில் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளாயிற்று.

குக்கின் இந்தப் பிரயாணங்கள் மேட்டுக்குடியினருக்குக் கூப்பன்கள் வருமுன்பே பிடிக்கவில்லை. இத்தாலியில் பிரிட்டிஷ் தூதரக உத்தியோகத்தில் இருந்த நாவலாசிரியர் சார்லஸ் லீவர், 1865-இல் புனைபெயரில் எழுதிய கட்டுரையொன்றில், குக்கின் பிரயாணிகள் ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகள் என்று இத்தாலியர்கள் நம்பும்படி கதை கட்டிவிட்டதாகவே எழுதினார். மலைகளும் சித்திரங்களும் பரம்பரைச் சொத்தாகச் சிலருக்கு மட்டும் எழுதி வைக்கப்பட்டவை என்ற மனோபாவத்தை இதைவிடப் பச்சையாக வேறெங்கும் நான் கண்டதில்லை. குக் சளைக்காமல் மறுப்பு எழுதியதோடு, பிரயாணங்களையும் தொடர்ந்து நடத்தினார்.

இதற்கிடையில், பேடெக்கர் என்ற ஜெர்மானியப் பதிப்பாளரின் பயணக் கையேடுகள் விடுதிக் கட்டணங்களைத் துல்லியமாக அச்சிட்டு உதவின. ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் 1912-இல் ஆல்டேனா கோட்டையில் தொடங்கிய இளைஞர் விடுதி முறை பிற தேசங்களுக்கும் பரவியது.

ஆயினும், ஒரு தொகையையே நூலின் பெயராக்கித் தம் நாட்டாரின் பயத்தைப் போக்கியவர் ஆர்தர் ஃப்ராமர் என்ற அமெரிக்க இளைஞரே. சட்டம் பயின்று, கட்டாய ராணுவ சேவையில் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்ட அவர், விடுப்புக் கிடைத்த போதெல்லாம் குறைந்த செலவில் ஊர் சுற்றி, தம்மைப் போன்ற சிப்பாய்களுக்காக 1955-இல் ஒரு சிறு வழிகாட்டியை வெளியிட்டார். வக்கீல் தொழிலுக்குத் திரும்பிய பிறகு, அதையே பொதுமக்களுக்காக விரித்தெழுதி, 1957-இல் ‘நாளுக்கு 5 டாலரில் ஐரோப்பா’ என்ற பெயரில் தாமே பிரசுரித்தார். அன்றைய நாணயமாற்றில் அந்த ஐந்து டாலர் நமது ஏறக்குறைய 24 ரூபாய்.

அந்தக் கணக்கின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து டாலர் என்பது அறைக்கும் மூன்று வேளை உணவுக்கும் மட்டுமே. கப்பல், விமானம், ரயில், நாடகம், கடைவீதி ஆகியவை அதில் அடங்கா. நாள்தோறும் தவறாமல் வரும் செலவை ஒருபுறமும், ஒரே தடவையில் தீர்ந்துபோவதையும் அவரவர் மனம்போல் கூட்டிக் குறைக்கக் கூடியதையும் மறுபுறமும் வைத்த இந்தப் பாகுபாடுதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு. தனிக் குளியலறை கேட்காதீர்கள் என்று அவர் வற்புறுத்தினார். ஏனெனில் பழைய ஐரோப்பிய விடுதிகளில் அந்த ஒரு சௌகரியமே வாடகையை வெகுவாக ஏற்றிவிடும். குறைவாகச் செலவழிப்பவனே அந்நாட்டு மக்களோடு நெருங்கிப் பழகுகிறான் என்பது அவருடைய சித்தாந்தம்; குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதியில் உண்டு உறங்கியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஒரே எண்ணை ஒரு கண்டம் முழுமைக்கும் சொல்ல முடிந்ததற்கு அவருடைய திறமை மட்டும் காரணமன்று. 1944-இல் பிரெட்டன் உட்ஸில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நாணயங்களின் மதிப்பு டாலரோடு பிணைக்கப்பட்டு ஸ்திரமாக நின்றது. ஒரு பிரிட்டிஷ் பவுனுக்கு 2.80 டாலர் என்ற விகிதம் 1949 முதல் 1967 வரையில் மாறவேயில்லை. போரினால் நலிந்திருந்த ஐரோப்பாவில் டாலருக்கு வலிமையும் அதிகம். 1971 ஆகஸ்டில் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அமெரிக்கா துண்டித்ததும் அந்த அஸ்திவாரம் ஆட்டங்கண்டது, விலைவாசியும் ஏறிற்று. நூலின் பெயரிலிருந்த எண் பதிப்புக்குப் பதிப்பு உயர்ந்துகொண்டே சென்று, 2007-இல் 95 டாலரோடு அந்த வரிசை நின்றுபோயிற்று. அறையையும் ஆகாரத்தையும் தனியே பிரித்து நாட்களால் பெருக்கும் முறை மட்டும் மாறவில்லை. வெளிநாடு செல்ல விரும்பும் சம்பளக்காரர் இன்றும் காகிதத்தை எடுத்து முதலில் போடுவது அந்தப் பெருக்கலைத்தான்.