விடுதலைப் பத்திரத்துக்குப் பின்

அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டை ஒருவரே வைத்துக்கொள்ள, மற்றவர்கள் பணம் பெற்றுக்கொண்டு தங்கள் பாகத்தை எழுதிக்கொடுப்பது விடுதலைப் பத்திரம். தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டை போன்ற ஊர்களில் இது பழகிய வழி. பத்திரம் எழுதிக்கொடுத்தவருக்கே விடுதலை. நாலு பேர் பகிர்ந்துகொண்ட செலவு அதன்பின் ஒருவர் தலையில் விழும்.

பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் ரயத்துவாரிக் கிராமங்களில் தோட்டமும் வயலும் கூட்டுப் பட்டாவில் இருந்தால் கிஸ்திக்கு எல்லாரும் சேர்ந்தே பொறுப்பு. பாக்கி விழுந்தால் 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி ஜப்தி வரும். ஆகவே பங்கை வாங்கியவருக்குப் பட்டா மாற்றம் பத்திரப் பதிவளவு முக்கியம்.

குடும்ப வீட்டின் பங்கு வெளியாள் கைக்குப் போனால், அதை மதிப்புப் போட்டுத் திரும்ப வாங்கும் உரிமையை 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் உடன்பங்காளிக்குக் கொடுத்தது. கையெழுத்துப் போட வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டியவை மகள்களுக்குச் சொத்தில் சம உரிமை தந்த 1989ஆம் ஆண்டு தமிழகச் சட்டமும் 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும். சகோதரியின் கையெழுத்தை விட்டுவிட்டு வாங்கிய வீட்டுக்கு, பின்னாளில் வக்கீல் செலவும் சேரும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 2023இல் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது.

அது ஒருமுறைச் செலவு. அரையாண்டுக்கு ஒருமுறை பேரூராட்சிக்குக் கட்டும் சொத்துவரி அப்படியல்ல. 2022ஆம் ஆண்டு உயர்வில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800ஐத் தாண்டியதற்கு 100 விழுக்காடும் கூடின; பெரிய வீட்டை முழுதாக வைத்திருப்பவருக்கே அடி பலம். இரண்டு மின் இணைப்பு ஒன்றானால் 2016 முதல் கிடைக்கும் 100 யூனிட் இலவசமும் ஒன்றாகிவிடும். நாட்டு ஓட்டு வீடென்றால் மழைக்கு முன் உடைந்த ஓடு மாற்றும் கூலி தனி.

வீடு ஒருவருடையதானாலும் பொதுச்சுவரும் கிணறும் அப்படி ஆவதில்லை. கவலை இறைத்த காலத்தில் அவரவர் மாட்டைப் பூட்டி முறைப்படி தண்ணீர் எடுத்தார்கள்; தூர் வாரும்போதுதான் பங்குக்கணக்கு வந்தது. மின்மோட்டார் வந்தபின் அந்தக் கணக்கு ஓயவில்லை. விவசாய மின்சாரம் இலவசம். ஆனால் காயில் கட்டவும் குழாய் மாற்றவும் இன்றும் பங்குப்படியே பணம் பிரிக்கிறார்கள். வீட்டை விட்டுக்கொடுத்த தம்பி கிணற்றுப் பங்கை விடாமல் வைத்திருப்பதும் உண்டு. அவர் பணம் தரும்வரை மோட்டார் ஓடாது.

கோயில் திருவிழாவுக்கு ஊர் போடும் தலைக்கட்டு வரி மட்டும் இந்த வாங்கல் விற்றலில் மாறுவதில்லை. அது வீட்டை எண்ணுவதில்லை, குடும்பத்தை எண்ணுகிறது. பங்கை விற்றுத் தனிக்குடித்தனம் போன தம்பி ஊருக்குள் இருக்கும்வரை அவருக்கும் ஒரு தலைக்கட்டு.