லைசன்ஸ் எங்கே, ஸார்?

மேல்கோட்டைக்கு மாற்றலாகி வந்த புதிதில், திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் ஊரைப் பற்றிச் சொன்னது ஒரே வரிதான்: "நம்ம ராமானுஜர் இருந்த திருநாராயணபுரம்மா." அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. செல்வப்பிள்ளையைச் சேவிக்க எப்போது கூட்டிப்போகிறாய் என்று கேட்டாள்.

பங்குனியில் வைரமுடி சேவைக்குக் கூட்டி வந்தேன். வைரமுடி வருஷம் முழுக்க மாண்டியா அரசுக் கருவூலத்தில் இருக்கும். அந்த ஒரு நாள் மட்டும் போலீஸ் காவலோடு மேல்கோட்டைக்கு வரும். வண்டிக்கு முன்னும் பின்னும் துப்பாக்கி. ஜனங்கள் துப்பாக்கியைக் கவனிப்பதே இல்லை, "கோவிந்தா, கோவிந்தா"தான். அம்மா மட்டும் கேட்டாள்: "ஏண்டா, சாமி நகைக்கு எதுக்கு இத்தனை துப்பாக்கி?"

நமக்குத் துப்பாக்கி என்றாலே போலீஸ், இல்லாவிட்டால் ரவுடி. நடுவில் வேறு ஆள் கிடையாது. அது அவ்வளவு எளிது இல்லை என்று எனக்குப் புரிந்தது 2023 சட்டசபைத் தேர்தல் சமயத்தில்.

கிளையில் சேர்ந்த ரொக்கத்தை மாண்டியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். கூட எங்கள் கன்மேன், உறையில் போட்ட டபுள் பேரல். அவர் குடகுக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசமாட்டார். தேர்தல் நேரம் என்பதால் பணத்துக்கான கடிதம், நோட்டு விவரம், அடையாள அட்டை எல்லாம் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைத்திருந்தேன். வழியில் ஒரு செக்போஸ்ட். எஸ்.ஐ. பணத்துக்கான காகிதங்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பின்சீட்டைப் பார்த்தார்.

"துப்பாக்கி லைசன்ஸ் எங்கே, ஸார்?"

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நகல் எடுப்பதற்காக முதல் நாள் கன்மேனிடம் வாங்கியது நான்தான். அது கிளையில் என் பீரோவுக்குள் இருந்தது.

எஸ்.ஐ. கத்தவில்லை. கன்மேனின் பெயர், விலாசம் கேட்டார். அவர் நிமிர்ந்து நின்று சொன்னார். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வாங்கி, எண்ணிப் பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கினார். கிளையிலிருந்து பைக்கில் பையன் லைசன்ஸைக் கொண்டு வந்து, எஸ்.ஐ. அதை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க மூன்று மணி நேரம். அதுவரை ரொக்கம் காரில், கன்மேன் வெறுங்கையோடு வெயிலில். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தப்பு என்னுடையது, தலைகுனிவு அவருக்கு.

திரும்பும்போது அவரே பேச்சை ஆரம்பித்தார். "எங்க ஊர்ல இதுக்கு லைசன்ஸே கேட்க மாட்டாங்க ஸார். வீட்டுல தாத்தாவோட தோக் இன்னும் இருக்கு." தோக் என்றால் குடகு மொழியில் துப்பாக்கி.

அன்று ராத்திரி தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் ஊர்க் கதை. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட கையோடு, மேஜர் பானர்மன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு போட்டார். 1801-ல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் மறுபடி எழுந்து தோற்ற பிறகு பிடி இன்னும் இறுகியது. வேலும் வல்லயமும் துப்பாக்கியும் வைத்திருந்த சீமை வெறுங்கையாயிற்று. இன்று எங்கள் பக்கம் ஆயுதம் என்றால் சாமி கையில் இருப்பதுதான்.

இப்போது மேற்கே குடகு. 1834-ல் சிக்க வீரராஜேந்திரனை இறக்கிவிட்டுக் கம்பெனி குடகை எடுத்துக்கொண்டது. 1837-ல் அங்கே ஒரு கலகம் வந்தபோது கொடவர்களில் பலர் கம்பெனி பக்கம் நின்றார்கள், அதற்காக மெடல் வாங்கினார்கள். 1857 முடிந்ததும் நாடு முழுவதும் ஆயுதங்களைப் பறிக்க 1860-ல் சட்டம் வந்தது. ஆனால் 1861 பிப்ரவரியில், மைசூர், குடகு இரண்டுக்கும் கமிஷனராக இருந்த மார்க் கப்பன் (பெங்களூர் கப்பன் பார்க் இவர் பெயரில்தான்) குடகர்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தார். காரணம் விசுவாசம். அடுத்த இரண்டே மாதத்தில், ஊருக்குக் கப்பலேறிப் போகும் வழியில் சூயஸில் இறந்துபோனார். அவர் கொடுத்த விலக்கு மட்டும் நின்றுவிட்டது.

எதிர்த்தவனிடம் பிடுங்கு, கூட நின்றவனிடம் விட்டுவை. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், துப்பாக்கி என்பது கம்பெனியின் கிரெடிட் ரேட்டிங்!

1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இதை அப்பட்டமாக்கியது. இந்தியனுக்கு லைசன்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். துப்பாக்கி ஆசையில் போட்டதில்லை. சொந்த நாட்டில் நம்மைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறார்களே என்ற ரோஷம்.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959. அதன் 41-வது பிரிவு, விலக்குக் கொடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. குடகு விலக்கு அதன் கீழ் தொடர்ந்தது. கொடவர்களுக்கும், "ஜம்மா" நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசன்ஸ் தேவையில்லை. (ராஜாக்கள் காலத்தில் படைச் சேவைக்காகக் குறைந்த தீர்வையில் கொடுத்த பரம்பரை நிலம்தான் ஜம்மா. வேறு சமூகத்தாரிடமும் அது உண்டு.) அதற்காகக் காகிதமே வேண்டாம் என்று இல்லை. மாவட்ட நிர்வாகம் தரும் விலக்குச் சான்றிதழ் இருக்கிறது. குடகுக்கு வெளியே கொண்டுபோனால் ஒரு ரைபிள், ஒரு சாதாரணத் துப்பாக்கி, இத்தனை தோட்டா என்று கணக்கும் உண்டு.

செப்டம்பர் வாக்கில் கைல்போத் பண்டிகை அன்று அங்கே துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை. புத்தரி அறுவடையில் முதல் கதிர் அறுக்கும்போது ஒரு வெடி. பிறப்புக்கும் இறப்புக்கும் கூட வெடிதான். நமக்குச் சங்கு மாதிரி.

இந்த விலக்கு சமத்துவத்துக்கு எதிரானது என்று ஒருவர் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 செப்டம்பர் 22-ல் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. காலவரையறை இல்லாமல் கொடுக்கவில்லை, நிபந்தனையோடு பத்து வருஷத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். 2019-ல் நீட்டித்தபடி அதன் கெடு 2029 அக்டோபர் 31.

சரி, நம்மைப் போன்றவர்களுக்கு? எங்கள் விஷயத்தில் எஸ்.ஐ. லைசன்ஸும் பெயரும் விலாசமும் கேட்டது, துப்பாக்கியைக் கைப்பற்றியது எல்லாம் 19-வது பிரிவில் இருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருந்தால் அவ்வளவு உதறியிருக்க மாட்டேன்.

1. ஆயுதம் கொண்டுபோகும் யாரிடமும் போலீஸ் அதிகாரி லைசன்ஸ் கேட்கலாம். "எதுக்குக் கேட்கிறீங்க?" என்று மல்லுக்கு நிற்பதில் பலன் இல்லை.

2. லைசன்ஸோ விலக்கோ காட்ட முடியாவிட்டால் பெயர், விலாசம் கேட்கலாம், ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, பொய் விலாசம் அல்லது ஓடிவிடுவான் என்று சந்தேகம் வந்தாலோதான் இந்தப் பிரிவில் வாரண்ட் இல்லாத கைது. ஆகவே உண்மையான பெயர், விலாசம் சொல்வதே பெரிய பாதுகாப்பு.

3. சட்டவிரோதக் காரியத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி சந்தேகம் வந்தால் 20-வது பிரிவு. லைசன்ஸ் இருந்தாலும் கைது செய்யலாம்.

4. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், வக்கீல் வைக்கலாம், 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்வது தவிர மற்றவை அரசியல் சட்டம் 22-வது பிரிவு தருகிற உரிமை. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டத்திலும் இது உண்டு. கைப்பற்றிய பொருளுக்குப் பட்டியல் கேளுங்கள்.

5. லைசன்ஸ் இருந்தாலும் பொது இடத்தில் தோளில் தொங்கவிட்டுக் காட்டிக்கொண்டு போக முடியாது. 2016 விதிகளின்படி உறைக்குள் மூடியிருக்க வேண்டும். கல்யாணத்தில் ஜாலிக்குச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 திருத்தப்படி இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ளவர்கள் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு போகலாம். நண்பன் வாங்கினான் என்று நம் பையன் ஆசைப்படலாம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசன்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே அங்கே மத்திய சட்டப்படி குற்றம். மாநிலச் சட்டம் காப்பாற்றாது. ஃபோனில் சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். கன்மேன் தாத்தாவின் தோக், கப்பன் கொடுத்த சலுகை. சலுகைக்குக் கெடு தேதி உண்டு. அன்று செக்போஸ்ட்டில் எங்களைக் காப்பாற்றியது சலுகை இல்லை, உரிமை. பெயரைச் சொல்லி, பட்டியல் வாங்கி, கைதாகாமல் வீடு திரும்புகிற உரிமை. அதைத் துப்பாக்கி இல்லாதவனும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் கன்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஸார்" என்றார். லைசன்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். இப்போது அது அவர் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. வண்டி கிளம்பும் முன் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பையைத் தட்டிக் காட்டிவிடுவார்.