தங்கம் கொடுத்து வாங்கிய தாள்

மதுரையில் தெற்காவணி மூலவீதி நகைக்கடைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து சற்றே நடந்தால் நேதாஜி சாலை. இரண்டும் அருகருகே அமைந்தது தற்செயல்தான். ஆயினும் பொன்னையும் அப்பெயரையும் பிணைக்கும் வரலாறொன்று தென்பாண்டிக் குடும்பங்கள் பலவற்றின் நினைவில் இன்னும் கிடக்கிறது.

அண்மைக்காலமாகத் தங்கமுலாம் பூசிய நினைவுத்தாள்கள் விற்பனைக்கு வருவதைக் காண்கிறோம். ரூபாய் நோட்டின் வடிவம், தலைவர் ஒருவரின் முகம், ஒரு கொடி, சிலவற்றில் போர்வீரர் அணிவகுப்பு. தாளோ ஞெகிழி, அதன்மேல் படிந்துள்ள பொன்னை எந்தப் பத்தரும் உரைகல்லில் தேய்க்க முன்வரமாட்டார். தேசபக்தியைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட விரும்புவோர் வாங்குகின்றனர். அதில் நமக்குக் குறையேதும் இல்லை. ஆனால் இத்தகைய தாள்களைக் காணும்போதெல்லாம், நம் வகுப்பு மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் புத்தகத்துக்குள் வைத்துக் கொணர்ந்த வேறொரு தாள் நினைவுக்கு வந்துவிடுகிறது.

திருமங்கலத்துக்கு அப்பால் வானம் பார்த்த பூமியில் ஒரு சிற்றூர் அவருடையது. அவருடைய அப்பத்தாவின் தாயார் பர்மாவில் இருந்தவர். இரங்கூனில் நேதாஜியின் படைக்காகத் தம் தண்டட்டிகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பதும், அதற்கு ஈடாக நேதாஜி வங்கி தந்த நோட்டே இது என்பதும் அவர்கள் வீட்டுச் செய்தி. தண்டட்டியின் எடையை அறிந்தவர்க்கே அக்கொடையின் எடை விளங்கும். வளர்த்த காதில் தொங்கும் அப்பொன்தான் அக்காலப் பெண்ணுக்கு வங்கி. பஞ்சம் வந்தால் சோறு, மகளுக்குச் சீர்.

இச்செய்தி நம்பத்தகாததன்று. 1939 செப்டம்பரில் சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கு வந்தபோது முத்துராமலிங்கத் தேவர் அவரை வரவேற்றார். நான்காண்டுகள் கழித்து, 1943 அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டபோது, அதற்குக் கைகொடுத்தோருள் மலேயாத் தோட்டங்களிலும் பர்மாவிலும் பிழைக்கச் சென்றிருந்த தமிழர் பெருந்தொகையினர். கோலாலம்பூரில் நேதாஜியின் உரையைக் கேட்ட ஜானகி தேவர் என்னும் இளம்பெண், தம் வைரத் தோடுகளை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். 1944 ஏப்ரல் 5 அன்று இரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி திறக்கப்பட்டது. 1945 சனவரியில், நேதாஜியின் பிறந்தநாளன்று, அவருடைய எடைக்கு எடை பொன் நிறுக்கப்பட்டதாகக் கூறுவர். துலாபாரம் கண்ட நம் மக்களுக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

அவ்வங்கியின் பெயரால் வழங்கும் தாள்களில் நேதாஜியின் உருவமும், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் வரைபடமும், 'ஜெய்ஹிந்த்' முழக்கமும் காணப்படும். மிக அரியவை அவை. அரியவை என்பதாலேயே போலிகளும் மிகுதி. பழம்பொருள் சந்தையில் அவ்வாறு காட்டப்படும் ஒன்றை ஐயத்தோடு கையிலெடுப்பதே நல்லது.

மாணவர் கொணர்ந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பத்து ரூபாய்த் தாள். நேதாஜியின் முகம் இல்லை, வரைபடம் இல்லை. பகோடா ஒன்றின் படமும், ஜப்பானிய அரசாங்கம் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரும் இருந்தன. வரிசை எண்ணுக்கு உரிய இடத்தில் 'பி' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகள் மட்டுமே. ஜப்பானியர் தாம் கைப்பற்றிய நாடுகளில் புழங்கவிட்ட பணம் அது. 'பி' என்றால் பர்மா. மலேயாவுக்கு அச்சிட்டவை 'எம்' என்று தொடங்கும். ஈடாகப் பொன்னோ வெள்ளியோ வைக்காமல் அச்சிட்டுத் தள்ளிய அப்பணம், 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் ஒரே நாளில் செல்லாக்காசாயிற்று. மலேயாத் தமிழர் அதனை 'வாழைமரக் காசு' என்றனர். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தது. இன்றும் நாணய வணிகரிடம் மலிவாகவே கிடைக்கிறது.

இதனைச் சொல்லிமுடித்தபோது அம்மாணவரின் முகம் வாடியது. "அப்ப எங்க அப்பத்தா சொன்னது பொய்யாங்கய்யா?" என்றார்.

இலக்கியம் கற்பிக்கும் நமக்கு அக்கேள்வி எளிதாக இல்லை. ஆவணம் ஒன்று சொல்கிறது. வாய்மொழி மற்றொன்று சொல்கிறது. வரலாற்றுத் துறை நண்பர்கள் முன்னதையே பற்றுவர். நாமோ அத்தனை விரைந்து தீர்ப்பெழுத விரும்பவில்லை. தாளைப் பற்றிய செய்தி பிழை என்பதால், கொடுத்த பொன்னைப் பற்றிய செய்தியும் பிழையாகிவிடுமா? இடுப்புச் சேலையில் முடிந்துவந்த கடைசிப் பணமே அதுவாயிருக்கலாம். கொடுத்ததற்குச் சான்று ஒன்றும் மிஞ்சாத வீட்டில், மிஞ்சிய தாளே சான்றாகிவிட்டது போலும்.

சான்றில்லாமையின் துயரம் சிறிதன்று. 1972இல் மைய அரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியம் வகுத்தபோது, சிறைச்சான்றோ உடன் சிறையிருந்தோர் சான்றோ கேட்டது. துப்பாக்கி ஏந்தியவர்களுள்ளேயே காகிதமின்றி அலைந்தோர் உண்டு. தண்டட்டி கழற்றியவளுக்கு அதில் இடம் ஏது?

அப்பொன்னின் கதியும் கேட்கத்தக்கதே. நேதாஜி 1945 ஏப்ரல் 24 அன்று இரங்கூனை நீங்கினார். அங்கிருந்த இந்தியரைக் காக்கும் பொறுப்பு, தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதனிடம் விடப்பட்டது. ஆகஸ்ட் 18 அன்று தைபேயில் விமானம் வீழ்ந்தபோது, உடன்சென்ற நகைப்பெட்டியும் தீக்கிரையானது. பொறுக்கியெடுத்தவை தோக்கியோவுக்குப் போய், 1952இல் தில்லி வந்து, தேசிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. கரியும் உலோகமும் கலந்து ஏறத்தாழ 11 கிலோ. ஆயிரமாயிரம் பேர் கொடுத்ததில் எஞ்சியது அவ்வளவே. உருகி ஒட்டிய அக்கட்டிகளில் எது வளையல், எது தோடு, எது திருமங்கலத்துத் தண்டட்டி என்று எவர் பிரித்தறிவார்?

அரசும் நினைவுகூராமல் இல்லை. நேதாஜியின் நூற்றாண்டையொட்டி 2 ரூபாய் நாணயமும், அவர் போர்ட் பிளேரில் கொடியேற்றியதன் 75ஆம் ஆண்டில், 2018இல், 75 ரூபாய் நாணயமும் வெளிவந்தன. பின்னது சேகரிப்போர்க்கென்றே அடிக்கப்பட்டது.

அன்று அம்மாணவரிடம், அதை விற்க வேண்டா என்று மட்டும் கூறினோம். "விக்கவா கொண்டாந்தேன்? அப்பத்தாகிட்ட திருப்பிக் குடுக்கணுங்கய்யா" என்று சொல்லி, தாளை மீண்டும் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனார். அப்பத்தாவிடம் என்ன சொன்னார் என்று பின்னர் நாம் கேட்கவில்லை.