கள்ள வாக்கும் தேர்தல் பாதுகாப்பும்: இலங்கை

கள்ள வாக்கு என்பது ஒருவருக்குரிய வாக்கை இன்னொருவர் போடுவதைக் குறிக்கும் சொல். கிழக்குக் கரையின் பேச்சில் அது ‘கள்ள வோட்டு’. சட்டத்தின் பெயர் ஆள்மாறாட்டம். வாக்காளரை வழியில் மறிப்பது, கட்சி முகவர்களை விரட்டுவது, பெட்டியில் சீட்டுகளைத் திணிப்பது, தேர்தலையே நடத்தாமல் விடுவது ஆகியவற்றையும் இக்கட்டுரை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. இலங்கையில் எண்ணும் மேசையில் பறிபோன வாக்குகளைவிட, பெட்டிக்கு வந்து சேருமுன்னே பறிபோனவை பெரியவை. இயன்ற இடங்களில் தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை ஆகிய ஊர்கள் அடங்கும் திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தையும் கிழக்கு மாகாணத்தையும் முன்வைத்தே இந்த வரலாறு சொல்லப்படுகிறது.

நிறப் பெட்டிகளின் காலம்

டொனமூர் அரசியலமைப்பின்படி 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. எழுத்தறியாதோர் நிறைந்த நாட்டில் வேட்பாளரின் பெயரைப் படித்துக் குறியிடும்படி கேட்க முடியாது. ஆகவே அரசாங்க சபைத் தேர்தல்களில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறமும் அந்த நிறத்தில் ஒரு பெட்டியும் ஒதுக்கினார்கள். திரைக்குப் பின்னால் சென்று, விரும்பியவரின் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். எளிமையான இந்த முறைக்குள்ளேயே ஓட்டையும் இருந்தது. சீட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை என்பதால், அதை மடியில் மறைத்து வெளியே கொண்டுவந்து விற்க வழி இருந்தது. ஒரே சீட்டில் எல்லாப் பெயர்களையும் சின்னங்களையும் அச்சிட்டு, அதில் புள்ளடி இடும் முறை பின்னர் வந்து அந்த வழியை அடைத்தது. அமெரிக்காவும் இதைப் போன்ற ஒரு பாதையில்தான் வந்தது. அங்கே ஒரு காலத்தில் கட்சிகளே வாக்குச்சீட்டை அச்சிட்டுக் கையில் கொடுத்தன. யார் யாருக்குப் போடுகிறார் என்பது தெருவுக்கே தெரியும். அரசு அச்சிடும் இரகசியச் சீட்டை மாநிலம் முழுவதற்குமாக மசாசூசெட்ஸ் 1888இல்தான் ஏற்றுக்கொண்டது.

1947 பொதுத் தேர்தல் ஆகஸ்ட் 23இலிருந்து செப்டெம்பர் 20வரை, நாளுக்குச் சில தொகுதிகளாக நடந்தது. ஒரு தொகுதியில் வேலை முடித்த ஆள்பலமும் வாகனங்களும் அடுத்த தொகுதிக்கு நகர அது இடம் கொடுத்தது. முடிந்த தொகுதிகளின் முடிவு முடியாத தொகுதிகளை அசைக்கவும் கூடும். 1955இல் தேர்தல் திணைக்களம் உருவானது. நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் 1960 மார்ச் 19இல் நடந்தது. தேர்தல் பாதுகாப்பின் வரலாற்றில் இந்த ஒரு நாள் ஏற்பாடு எந்தச் சட்டத்துக்கும் குறையாத பெறுமதி உடையது.

இதே காலத்தில்தான், கள்ள வாக்கு எதுவும் இல்லாமலேயே, ஒரு சமூகத்தின் வாக்கு முழுவதுமாகப் பிடுங்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இல் தேர்தல் சட்டத்துக்கு வந்த திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியேற்றின. இடாப்பில் பெயர் இல்லாதவருக்கு வாக்களிப்பு நிலையத்தின் நேர்மையால் எந்தப் பயனும் இல்லை. எழுத்தறிவுச் சோதனைகளால் கறுப்பின மக்களைத் தடுத்துவந்த அமெரிக்கத் தென் மாநிலங்களில் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை இருந்த நிலையும் இதுவே.

1981, 1982

யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் 1981 ஜூன் 4இல் நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டிருந்தது. கடைசி நேரத்தில் தேர்தல் அலுவலர்கள் மாற்றப்பட்டார்கள். வாக்குப்பெட்டிகள் சில காணாமல் போயின. தேர்தல் நடத்துவோரே நம்பிக்கைக்கு உரியவர்கள் என்று அதுவரை நிலவிய எண்ணம் அங்கே உடைந்தது.

அடுத்த ஆண்டு, பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்று வந்தது. இருக்கிற பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் 6 ஆண்டுகள் நீட்டுவதா என்பதே கேள்வி. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். 1982 டிசம்பர் 22இல் நடந்த அந்த வாக்கெடுப்பில் விளக்கு 54.66 வீதம் பெற்றது. அச்சுறுத்தல், ஆள்மாறாட்டம், குடத்தின் முகவர்கள் வெளியேற்றப்பட்டமை என்பன பற்றி அன்றைய தேர்தல் ஆணையாளர் சந்திரானந்த டி சில்வா தம் அறிக்கையில் பதிவு செய்தார். அது வெளிவந்தது 1987இல். வாக்கெடுப்பு நீட்டிக் கொடுத்த ஆயுளின் பெரும்பகுதியை அதற்குள் அந்தப் பாராளுமன்றம் கழித்துவிட்டது. ஓர் அரச அலுவலர் தாம் நடத்திய வாக்கெடுப்பின் குறைகளைத் தாமே எழுத்தில் வைத்தது இந்த வரலாற்றில் மதித்துச் சொல்லவேண்டிய செயல். ஆனால் காலம் கடந்து வரும் உண்மை யாருடைய வாக்கையும் மீட்டுக் கொடுப்பதில்லை. தேர்தல்களைக் குடிமக்களே கண்காணிக்கும் பெப்ரல் அமைப்பு தோன்றியதும் 1987இல்தான்.

துப்பாக்கிகளுக்கு நடுவே

வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டபின் கேள்வி வேறாகியது. வாக்களிக்கப் போவதே உயிராபத்து என்றானபோது, கள்ள வாக்கைப் பற்றிய பேச்சு இரண்டாம் இடத்துக்குப் போனது.

1988 நவம்பர் 19இல் வடக்குக் கிழக்கு மாகாண சபைக்கான தேர்தல் இந்திய அமைதிப் படையின் காவலில் நடந்தது. விடுதலைப் புலிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள். வடக்கின் 36 இடங்களும் போட்டியின்றி நிரப்பப்பட்டன. கிழக்கில் மட்டுமே வாக்குப் பதிவானது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 இடங்களைப் பிடித்தது அங்கேதான். 1994 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 3 வீதத்துக்கும் குறைவு. 10,744 வாக்குகள் பெற்ற சுயேச்சைக் குழு ஒன்று 9 ஆசனங்களை எடுத்தது. எண்ணிக்கை சரியாக இருக்கலாம்; ஆனால் வாக்களிக்க வழியற்ற இலட்சக்கணக்கானோரின் பெயரால் அந்த 9 பேரும் சபையில் அமர்ந்தார்கள்.

2001 டிசம்பர் 5 பொதுத் தேர்தலின்போது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்ந்தோருக்காக, அரச கட்டுப்பாட்டு எல்லைக்குள் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. வாக்களிப்பு நாளில் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இராணுவம் சோதனைச் சாவடிகளை மூடியது. அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும் கையில் வைத்திருந்த மக்கள் திரும்பிப் போனார்கள். இது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அதே நாளில் கண்டி மாவட்டத்தின் உடத்தலவின்னையில் முஸ்லிம் இளைஞர்கள் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து வழியை அடைத்தது மறுதரப்பு. 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்கச் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 1.2 வீதம். நாடு முழுவதிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இருந்த இடைவெளி 1,80,786 வாக்குகள். அங்கே கள்ளச் சீட்டு ஒன்றும் தேவைப்படவில்லை. வராத வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கக் கூடியவையாக இருந்தன.

வடமேல் மாகாணமும் நீதிமன்றமும்

1999 ஜனவரி 25இல் நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தல் இலங்கையின் தேர்தல் முறைகேட்டுக்கு உவமையாகிவிட்ட ஒன்று. வாக்களிப்பு நிலையங்களுக்குள் ஆட்கள் புகுந்தார்கள், முகவர்கள் துரத்தப்பட்டார்கள், பெட்டிகளில் சீட்டுகள் திணிக்கப்பட்டன. இதற்குப் போர் காரணமில்லை. அமைதியான மாகாணத்திலும் இது நடக்கும் என்ற அதிர்ச்சியே பின்னாளைய சீர்திருத்தங்களுக்கு உந்துதலானது.

இரண்டு தீர்ப்புகள் இங்கே முக்கியம். ஐந்து மாகாண சபைகளின் தேர்தலைத் தள்ளிப்போட்டதை எதிர்த்த கருணாதிலக்க வழக்கில், வாக்களிப்பது கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தின் ஒரு வடிவம் என்று 1999இல் உயர் நீதிமன்றம் கூறியது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் இந்த விளக்கத்துக்குப் பிறகு, வாக்கு இழந்தவர் அடிப்படை உரிமை கேட்டு நேரே அந்த நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. அடுத்தது மெதிவக்க வழக்கு. 2000 ஒக்டோபர் பொதுத் தேர்தலில் கண்டி மாவட்டத்தின் 23 வாக்களிப்பு நிலையங்களில் நடந்த முறைகேட்டைக் கண்டும் மறு வாக்களிப்புக்கு உத்தரவிடாமல் விட்டது தவறு என்று அதில் தீர்ப்பானது. சட்டம் தந்த அதிகாரத்தைத் தேர்தல் ஆணையாளர் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்பது அதன் பொருள். 2010 ஏப்ரலில் அதே கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டியில் 37 நிலையங்களிலும் திருகோணமலையின் கும்புறுப்பிட்டியில் ஒரு நிலையத்திலும் வாக்கு ரத்தாகி, மறுபடி வாக்களிப்பு நடந்தது.

2001இல் அரசியலமைப்புக்கு வந்த 17ஆவது திருத்தம் சுயாதீனத் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு வழி செய்தது. ஆயினும் 19ஆவது திருத்தத்தின்பின், 2015 நவம்பரில், மகிந்த தேசப்பிரிய தலைமையில்தான் அது உண்மையில் அமைந்தது.

வாக்களிப்பு நாள்

இலங்கையில் வாக்களிப்பு இயந்திரம் இல்லை. காகிதமும் பெட்டியும் மனிதக் கண்களுமே காவல். காலையில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் வெறும் பெட்டியை முகவர்களுக்குத் திறந்து காட்டி மூடி முத்திரையிடுவார். உள்ளே வருபவரின் பெயரும் இலக்கமும் உரத்து வாசிக்கப்படும். முகவர்கள் தங்கள் இடாப்பில் வெட்டிக்கொள்வார்கள். வழக்கமாக இடது கைச் சிறுவிரலில் மை பூசப்படும். மாலையில் பெட்டி மறுபடி முத்திரையிடப்பட்டு, பொலிஸ் காவலுடன் புறப்படும். தம்பிலுவில் பாடசாலையில் நிரம்பிய பெட்டி அக்கரைப்பற்றைத் தாண்டி, அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியின் எண்ணும் நிலையத்துக்குப் போகவேண்டும். கடலோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களின் பெட்டிகள் எல்லாம் இருட்டில் இப்படி உள்நாட்டுக்குப் பயணிப்பது போர்க்காலத்தில் சிறிய விடயமாக இருக்கவில்லை.

இந்தச் சங்கிலியில் மிக வலுவான கண்ணி முகவர்தான். ஊரவரை முகம் பார்த்து அறிபவர் அவர். ‘இவர் அவரல்ல’ என்று மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. முகவரை விரட்டிய இடங்களிலேயே முறைகேடு நடந்தது என்பதை 1982உம் 1999உம் காட்டின.

ஆள்மாறாட்டத்துக்கு மூலப்பொருள் இடாப்பிலேயே கிடக்கிறது. ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் வழியாகத் திரட்டும் விவரங்களால் இடாப்பு புதுப்பிக்கப்படுகிறது. ஆனாலும் இறந்தோர் பெயர்கள் சில தங்கிவிடும். கிழக்குக் கரையில் இதைவிடப் பெரியது, கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் உழைக்கப் போனவர்களின் பெயர்கள். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க அவர்களுக்கு வசதி இல்லை. அவர்கள் பெயருக்கு வரும் வாக்காளர் அட்டை வீட்டில் கிடக்கும். அந்த அட்டைகளைச் சேகரிப்பதுதான் கள்ள வாக்குக்காரரின் முதல் வேலையாக இருந்தது.

இதை முறித்தது அடையாள அட்டை. 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தேர்தல்கள் சிறப்பேற்பாடுகள் சட்டம் வாக்காளர் தம் ஆளடையாளத்தை நிரூபிப்பதைக் கட்டாயமாக்கியது. ஆனால் போரிலும் சுனாமியிலும் எல்லாவற்றையும் இழந்த கிழக்கில் பலரிடம் தேசிய அடையாள அட்டையே இருக்கவில்லை. அவர்களுக்குத் தற்காலிக அட்டைகள் வழங்கப்பட்டிராவிட்டால், கள்ளனைத் தடுக்கும் பூட்டு உரியவரையும் வெளியே நிறுத்தியிருக்கும். அமெரிக்காவில் இன்றும் ஓயாத சர்ச்சையும் இதுவே. இந்தியானா மாநிலம் 2005இல் படத்துடன் கூடிய அடையாள ஆவணத்தைக் கட்டாயமாக்கியது. 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. அங்கே எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான அடையாள அட்டை கிடையாது. ஆகவே ஏழைகளும் முதியோரும் விலக்கப்படுவார்கள் என்ற அச்சம் அங்கே கூடுதல் நியாயம் பெறுகிறது.

போருக்குப் பின்

2008 மே 10 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில், புலிகளிலிருந்து பிரிந்து வந்த, ஆயுதங்களைக் கைவிடாத தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியினர் ஆளும் கூட்டணியில் போட்டியிட்டார்கள். கண்காணிப்பாளர்கள் மிரட்டலையும் ஆள்மாறாட்டத்தையும் குறித்தார்கள். கூட்டணி 37 இடங்களில் 20ஐப் பெற்றது. 2015க்குப் பின் வாக்களிப்பு நாட்கள் பெரும்பாலும் அமைதியாகக் கழிந்தன. முறைகேட்டின் பாரம் பணத்துக்கும் அரச வளங்களுக்கும் நகர்ந்தது. அதற்கு விடையாக 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது.

தோல்வியை எல்லாம் கள்ள வாக்கின் தலையில் போடுவது மனித இயல்பு. 2020இல் 7 ஆசனங்கள் கொண்ட திகாமடுல்லவில் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. வாக்குகள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கும் முன்னாள் புலித் தளபதி கருணா அம்மானின் தரப்புக்கும் பிளந்ததே காரணம், களவு அல்ல. 2024இல் தமிழரசுக் கட்சி வழியே அந்த இடம் மீண்டது. அமெரிக்காவிலும் 2020 ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற தரப்பு அறுபதளவில் வழக்குகள் தொடர்ந்தது. முடிவை மாற்றும் அளவு மோசடி எதுவும் நிறுவப்படவில்லை. ஜோர்ஜியாவில் காகிதச் சீட்டுகளைக் கையாலேயே மறுபடி எண்ணியும் வெற்றியாளர் மாறவில்லை. மறுபடி எண்ணிப் பார்க்கக் காகிதம் இருந்ததால் அதைக் காட்ட முடிந்தது.

நடக்காத தேர்தல்

2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நிதி விடுவிக்கப்படாததால் நின்றது. இதில் அன்றைய ஜனாதிபதி, தேர்தல்கள் ஆணைக்குழு உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று 2024 ஆகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருக்கோவில் பிரதேச சபை போன்ற சபைகள் இடைக்காலம் முழுவதும் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்தன. தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. எல்லை நிர்ணயத்திலும் தேர்தல் முறைச் சட்டத்திலும் ஏற்பட்ட முடக்கத்தால், அதன்பின் உள்ளூராட்சித் தேர்தல் இரண்டும் ஜனாதிபதித் தேர்தல் இரண்டும் பாராளுமன்றத் தேர்தல் இரண்டும் நடந்து முடிந்தபோதும், அந்தச் சபைக்கென ஒரு வாக்குப்பெட்டியும் தம்பிலுவிலுக்கு வரவில்லை.